பீட்டர் லோரி: பயந்துகொண்டே பயமுறுத்திய வில்லன்

மூன்றாம் வரிசை:

தொண்ணூறுகளில் கேபிள் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். பகல் முழுக்க கார்ட்டூன் நெட்வொர்க். ராத்திரியானால் அதே சேனல் டிஎன்டி ஆகிவிடும், பழைய ஹாலிவுட் படங்கள் ஓடும். எங்களுக்கு அது தூங்கப் போகிற நேரத்து மணி மாதிரி. பக்ஸ் பன்னி போய் யாரோ கோட்டு போட்ட ஆள் வந்தால், பாயை விரி என்று அர்த்தம்.

அந்தக் கார்ட்டூன் ஒன்றில் ஒரு விஞ்ஞானி வருவான். குட்டை உருவம், பாதி மூடிய பெரிய முட்டைக்கண், மூக்கால் பேசுகிற குரல். அவன் வளர்க்கும் செம்பட்டை முடி பூதம் பக்ஸ் பன்னியைத் துரத்தும். பல வருடங்கள் அதை யாரோ ஓவியர் கற்பனையில் வரைந்த முகம் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் தூக்கம் வராமல் டிஎன்டி பக்கம் உட்கார்ந்திருந்தபோது அதே கண், அதே குரல், நிஜ மனிதனாக ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தது. கார்ட்டூன் ஆள் உயிரோடு வந்துவிட்டான் என்று உடம்பு சிலிர்த்தது. படம் காஸாபிளாங்கா, ஆள் பீட்டர் லோரி.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் பார்த்துவருகிறேன். இந்த இழையை ஆரம்பிக்க ஒரே காரணம்தான். ஹாலிவுட் வில்லன்கள் என்று பட்டியல் போடும்போது இவரை ‘வித்தியாசமான முகம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். முகம் கிடக்கட்டும். மற்ற வில்லன்கள் நம்மைப் பயமுறுத்துவார்கள். இவர் தானே பயந்துகொண்டிருப்பார், அந்தப் பயம் நமக்கு ஒட்டிக்கொள்ளும். மூலையில் மாட்டிய எலி எப்போது கடிக்கும் என்று தெரியாது இல்லையா, அந்த மாதிரி.

சரி, பேசலாம் வாருங்கள். நம் ஊர் வில்லன்களோடு ஒப்பிடும் வேலை மட்டும் இங்கே வேண்டாம். ஆரம்பித்தால் இழை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சுண்டெலி:

எலி உவமைக்கு என் கண்டனம். :)

அண்ணா, பேரை எப்படிச் சொல்வது? லோரேவா, லோரியா, லாரியா? நான் காஸாபிளாங்கா மட்டும் பார்த்திருக்கிறேன். அதில் அவர் வந்த வேகத்தில் போய்விடுவாரே?

மூன்றாம் வரிசை:

லோரிதான், தம்பி. கிட்டத்தட்ட தண்ணீர் லாரி மாதிரியே சொல்வார்கள். அதுவும் மேடைப்பெயர். பிறந்தபோது லாஸ்லோ லோவன்ஸ்டைன். 1904-ல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஒரு சின்ன ஊரில். இப்போது அது ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. வியன்னாவில் கொஞ்ச நாள் வங்கி குமாஸ்தா வேலை, அப்புறம் நாடகம்.

காஸாபிளாங்காவில் வந்த வேகத்தில் போவது உண்மைதான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்கிறார் என்று திரும்பப் பாருங்கள். உகார்ட்டே என்ற திருட்டு விசா வியாபாரி. தபால் கொண்டுபோன இரண்டு ஜெர்மானியர்கள் கொல்லப்பட்டு அவர்களிடமிருந்து பறிபோன பயண அனுமதிக் கடிதங்கள் இவன் பையில் இருக்கின்றன. அதாவது கொலைகாரன். ஆனால் கதாநாயகனான விடுதி முதலாளி ரிக்கிடம் அவன் கேட்பது என்ன? “நீ என்னை வெறுக்கிறாய், இல்லையா?” ரிக் அவனைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை என்கிற மாதிரி பதில் சொல்கிறான். அப்போது லோரியின் முகத்தைப் பாருங்கள். அடிபட்ட மாதிரி ஒரு நொடி, உடனே சிரிப்பு. வெறுக்கிற ஒரே ஆள் நீ, அதனால் உன்னைத்தான் நம்புகிறேன் என்று கடிதங்களைக் கொடுத்துவிடுகிறான். ஒரு கொலைகாரன் இன்னொருவரின் மதிப்புக்காக ஏங்குவதை அதற்கு முன் நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

மழைக்காகம்:

மூன்றாம் வரிசை, பதிவு நன்றாக இருக்கிறது. ஆனால் ‘பயப்படும் வில்லன்’ என்பதை ஒரேயடியாக ஒத்துக்கொள்ள முடியாது.

ஹிட்ச்காக்கின் 1934 படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ‘த மேன் ஹூ நியூ டூ மச்’. நெற்றியில் தழும்பு, தலைமுடியில் ஒரு வெள்ளைக் கீற்று, கையில் மணியடிக்கும் சட்டைப்பைக் கடிகாரம். குழந்தையைக் கடத்தி வைத்துக்கொண்டு அதன் அப்பாவிடம் விருந்தாளி மாதிரி சிரித்துப் பேசுகிறார். அங்கே பயம் எங்கே இருக்கிறது? ஆல்பர்ட் ஹால் கச்சேரியில் இசை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் சுட வேண்டும் என்று இசைத்தட்டைப் போட்டுக் காட்டி, கொலையாளிக்குப் பாட்டு வாத்தியார் மாதிரி சொல்லிக்கொடுக்கிறார். மனிதர் ரசித்துச் செய்கிறார். அதுதான் நடுங்க வைக்கிறது.

அப்புறம் இன்னொன்று. காஸாபிளாங்காவிலேயே அவரைவிடப் பெரிய வில்லன் இருக்கிறார், கான்ராட் வைட். அவரைப் பற்றி இழை ஏன் இல்லை?

கறுப்புவெள்ளை:

காகம் சார், வைட்டுக்கு நீங்களே தனி இழை ஆரம்பியுங்கள், நானும் வருகிறேன்.

அந்த ஹிட்ச்காக் படத்தைப் பற்றி ஒரு விஷயம். லோரிக்கு அப்போது ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது. நாஜிகள் வந்ததும் 1933-ல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, வியன்னா, பாரிஸ் என்று சுற்றி, கையில் காசில்லாமல் லண்டன் வந்தவர். ஹிட்ச்காக்கைப் பார்க்கப் போகும்முன், அவருக்குக் கதை சொல்லப் பிடிக்கும் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். இவர் என்ன செய்தாராம், எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, இதுதான் சிரிக்க வேண்டிய இடம் என்று தோன்றியபோதெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தாராம். வாய்ப்புக் கிடைத்துவிட்டது. வசனங்களை அர்த்தம் முழுதாகத் தெரியாமல் ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினார்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், நீங்கள் சொல்கிற அந்த ‘ரசிப்பு’ வேறு மாதிரி தெரியும். ஒவ்வொரு சொல்லையும் சூடான உருளைக்கிழங்கை வாயில் வைத்திருப்பது போல மெதுவாக உருட்டுகிறார். மொழி தெரியாதவனின் எச்சரிக்கை அது. திரையில் அது குரூரமாக வந்துவிட்டது.

மழைக்காகம்:

ஒத்துக்கொள்கிறேன் கறுப்புவெள்ளை, உருளைக்கிழங்கு அருமை. ஆனால் நடிகர் பயந்தது வேறு, பாத்திரம் பயப்படுவது வேறு. என் ஆட்சேபம் அப்படியேதான் நிற்கிறது.

கொக்குவில் காற்று:

வணக்கம். நான் ஜெர்மனியில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். எல்லோரும் ஹாலிவுட் லோரியைப் பற்றியே கதைக்கிறீர்கள். அவருடைய ஜெர்மன் படத்தை யாரும் தொடவில்லையே என்று எழுத வந்தேன்.

‘எம்’, 1931, ஃபிரிட்ஸ் லாங்கின் முதல் பேசும் படம். லோரிக்கு அப்போது 26 வயதுதான். குழந்தைகளைக் கொல்லும் ஹான்ஸ் பெக்கர்ட் என்ற ஆள். வந்த புதிதில் பாஷை சரியாக விளங்காத காலத்தில் ஒருமுறை பார்த்தேன், பல வருடம் கழித்து மொழி ஊறின பிறகு மறுபடி பார்த்தேன். இரண்டும் வேறு வேறு படம்.

கடைசியில் கள்ளர்களும் பிச்சைக்காரர்களும் சேர்ந்து, கைவிடப்பட்ட சாராய ஆலை ஒன்றில் அவனுக்கு விசாரணை வைக்கிறார்கள். அதுவரை அவன் வாயிலிருந்து அதிகம் சொல் வந்ததில்லை. அங்கேதான் உடைகிறான். “வில் நிஷ்ட்! முஸ்!” என்று திரும்பத் திரும்பக் கத்துகிறான். விருப்பமில்லை, ஆனால் செய்தாக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ‘முஸ்’ ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது. ஒன்று கத்தல், ஒன்று கெஞ்சல், ஒன்று தொண்டைக்குள்ளேயே செத்துப்போகும். கைவிரல்கள் காற்றில் எதையோ பிடித்து நெரிக்கின்றன, முகம் அதைப் பார்க்க மாட்டேன் என்று திரும்புகிறது.

அவன் சொல்லும் இன்னொரு விஷயம் எனக்குள் நின்றுவிட்டது. கள்ளர்களைப் பார்த்து, நீங்கள் சோம்பேறிகள், விரும்பினால் ஒழுங்கான தொழில் ஒன்றைப் பழகிக்கொள்ளலாம், என்னால் முடியுமா என்கிறான். கூட்டத்தில் சிலர் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். அவனைக் கொல்ல வந்த ஆட்கள்.

மூன்றாம் வரிசை:

நன்றி கொக்குவில் அண்ணை. இதை எழுத யாராவது வருவார்கள் என்றுதான் ‘எம்’-ஐ முதல் பதிவில் தொடாமல் விட்டேன். (பொய். எழுதப் பயமாக இருந்தது.)

அந்தப் படத்தில் கொலையையே காட்ட மாட்டார்கள். ஒரு சிறுமி பள்ளியிலிருந்து வரும் வழியில் பந்தைத் தூணில் அடித்து விளையாடுகிறாள். தூணில் கொலைகாரனைப் பிடித்தால் பத்தாயிரம் மார்க் என்று சுவரொட்டி. அதன்மேல் ஒரு நிழல் விழுகிறது. “உன் பந்து அழகாக இருக்கிறதே” என்கிறது நிழல். அந்தக் குரலில் கெட்டது எதுவும் இல்லை, அன்பான மாமா குரல். அங்கே வீட்டில் அம்மா தட்டு வைத்து, கரண்டி வைத்து, மாடிப்படியில் எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அடுத்து புல்லில் உருண்டு வந்து நிற்கும் பந்து. கம்பியில் சிக்கிய பலூன். முடிந்தது.

அவன் முகத்தை முதலில் பார்ப்பது கண்ணாடியில். உதட்டோரத்தை விரலால் கீழே இழுத்துவிட்டு, ஊர் சொல்கிற ராட்சசன் நான்தானா என்று பார்க்கிறான். தன் முகத்தைத் தானே நம்பாத வில்லன்! காகம் அண்ணே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மழைக்காகம்:

‘எம்’-ல் பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு படத்தை வைத்து ஒரு மனிதனின் முப்பது வருடத் தொழிலுக்கும் பெயர் வைக்காதீர்கள் என்கிறேன். அவரே அதைத்தான் வாழ்நாள் முழுக்க வெறுத்தார். எந்த ஸ்டுடியோ கூப்பிட்டாலும் அதே முட்டைக்கண், அதே சைக்கோ.

சுண்டெலி:

அந்தப் படத்தில் அவர் விசில் அடிப்பாராமே, கேட்டாலே பயமாக இருக்கும் என்று நண்பன் சொன்னான்.

கறுப்புவெள்ளை:

விசில் உண்டு, ஆனால் அது லோரியுடையது இல்லை. அவருக்கு விசிலடிக்க வராது. அதை அடித்தது தான்தான் என்று இயக்குநர் லாங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் ‘பியர் கின்ட்’ இசைத்தொகுப்பில் வரும் மெட்டு. சுருதி கொஞ்சம் விலகியிருக்கும், அதுவே நல்லதாகிவிட்டது. கடைசியில் அவனைக் காட்டிக்கொடுப்பதும் அந்த விசில்தான். பலூன் விற்கும் பார்வையற்ற கிழவர் காதால் அடையாளம் கண்டுபிடிக்கிறார். அப்புறம்தான் ஒரு பையன் உள்ளங்கையில் சாக்பீஸால், கொலைகாரன் என்ற ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்தான ‘எம்’ என்று எழுதி, இடறி விழுவது போல அவன் தோளில் அறைந்து கோட்டில் அதைப் பதித்துவிடுகிறான். அறை விழுந்ததில் இவன் கையிலிருந்த கத்தி தரையில் விழுகிறது. அதை எடுத்துக் கொடுப்பது யார் தெரியுமா? அவன் கூட்டிக்கொண்டு போகிற சிறுமி.

நாஜிகள் அந்தப் படத்தை 1934-ல் தடை செய்தார்கள். அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. 1940-ல் அவர்கள் எடுத்த யூத வெறுப்புப் பிரசாரப் படம் ஒன்றில், லோரி உடைந்து கதறும் அதே காட்சியை வெட்டி ஒட்டினார்கள். பாருங்கள், யூத நடிகன் கொலைகாரனுக்குப் பரிதாபம் தேடுகிறான் என்று காட்டுவதற்காக. அவர் அப்போது கடல் தாண்டி ஹாலிவுட்டில் இருந்தார். ஒரு நடிகனின் ஆகச்சிறந்த நான்கு நிமிடங்களை அவனுக்கு எதிராகவே சாட்சியாக்கிய கொடுமை இது.

கொக்குவில் காற்று:

ஓம், அந்தப் பிரசாரப் படத்தை இங்கே நினைத்தபடி திரையிட முடியாது. அறிமுகம் சொல்லி, பிறகு கலந்துரையாடல் வைத்துத்தான் காட்டுவார்கள்.

மழைக்காகம்:

இப்போது வைட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொள்கிறேன், தடுக்காதீர்கள்.

கான்ராட் வைட்டின் மனைவி யூதர். அவரும் 1933-ல் வெளியேறியவர். ஹாலிவுட் அவரை வைத்து என்ன செய்தது? நாஜி அதிகாரி வேடம். காஸாபிளாங்காவில் மேஜர் ஸ்டிராஸர் அவர்தான். இப்போது யோசியுங்கள். அந்த விடுதியில் உகார்ட்டேயைக் கைது செய்வதே ஸ்டிராஸர் பார்க்க வேண்டும் என்று நடத்தப்படும் காட்சி. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஒரு நடிகர் நாஜியாக மேஜையில் உட்கார்ந்திருக்க, தப்பி வந்த இன்னொரு நடிகர் “ரிக், காப்பாற்று” என்று அவர் கண்ணெதிரே இழுத்துச் செல்லப்படுகிறார். இருவரும் பெர்லினில் புகழ் பெற்றவர்கள். பிடிபட்ட உகார்ட்டே செத்துப்போகிறான். அது தற்கொலையா, தப்பி ஓடும்போது சுடப்பட்டதா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று போலீஸ் அதிகாரி சாவகாசமாகச் சொல்வார். பலருக்கு அது நகைச்சுவை வசனம். அங்கே நடித்த பாதிப் பேருக்கு அது செய்தி.

வைட் 1943 ஏப்ரலில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார், 50 வயது. போர் முடிந்ததை அவர் பார்க்கவில்லை. சொல்லிவிட்டேன், லோரியைத் தொடருங்கள்.

மூன்றாம் வரிசை:

இதற்கு மேல் உங்களைத் தடுக்க எனக்கு மனசு வராது.

சுண்டெலி:

நான் எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்? ‘எம்’ கொஞ்சம் கனமாக இருக்கும் போலிருக்கிறது. வீட்டில் அம்மாவும் கூட உட்கார்ந்து பார்ப்பார்.

மூன்றாம் வரிசை:

‘த மால்டீஸ் ஃபால்கன்’, 1941. ஜான் ஹூஸ்டன் இயக்கிய முதல் படம். லோரி அதில் ஜோயல் கெய்ரோ. வாசனை பூசிய விசிட்டிங் கார்டு, வழித்துச் சீவிய சுருள்முடி, வெள்ளைக் கையுறை, அடிக்கடி உதட்டருகே போகிற கைத்தடி. துப்பாக்கியை நீட்டுவார். துப்பறிவாளராக வரும் கதாநாயகன் போகார்ட் ஒரே திருப்பில் அதைப் பிடுங்கி, ஒரு குத்து விட்டு மயக்கமாக்கிவிடுவார். எழுந்ததும் இவருடைய முதல் கவலை, என் சட்டையை என்ன செய்துவிட்டாய் பார் என்பது. அப்புறம் பேரம் பேசி முடித்து, துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொள்வார். வாங்கிய கையோடு அதையே மறுபடி நீட்டி, கையைத் தூக்கு, உன் அறையைச் சோதிக்க வேண்டும் என்பார். போகார்ட் சிரித்தே விடுவார்.

அந்த இடத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவமானப்பட்ட அடுத்த நொடியே எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு தொழிலைத் தொடர்கிற ஆள். ஐந்தரை அடிக்கும் குறைவான உருவத்துக்கு வேறு வழி கிடையாது.

கறுப்புவெள்ளை:

அதே படத்தில் சிட்னி கிரீன்ஸ்டிரீட்டையும் சொல்லுங்கள். 61 வயதில் முதல் சினிமா! மலை மாதிரி உடம்பு, பக்கத்தில் லோரி. இருவரையும் ஒன்றாக நிறுத்தினாலே கதை பாதி எழுதியாகிவிட்டது. வார்னர் பிரதர்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்பது படங்களில் இரண்டு பேரையும் போட்டது. கடைசியில், எல்லோரும் தேடிய பருந்துச் சிலை போலி என்று தெரிந்ததும் லோரி அந்தப் பெரியவரைப் பார்த்து மடையா, குண்டா என்று கத்திவிட்டு, குழந்தை மாதிரி அழ ஆரம்பிப்பார். கிரீன்ஸ்டிரீட் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, சரி, இன்னொரு வருடம் தேடலாம் என்பார். உடனே இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் வருகிறேன் என்று நிற்பார்.

காகம் சார், இது பயமும் இல்லை, ரசிப்பும் இல்லை. இதற்கு நீங்கள் பெயர் வையுங்கள்.

மழைக்காகம்:

பசி.

மூன்றாம் வரிசை:

…கொஞ்ச நேரம் இதற்கு என்ன பதில் எழுதுவது என்று உட்கார்ந்திருந்தேன்.

1940-ல் வந்த ‘ஸ்டிரேஞ்சர் ஆன் த தேர்ட் ஃப்ளோர்’ பார்த்திருக்கிறீர்களா? ஒரு மணி நேரம் சொச்சம்தான். இதுதான் முதல் ‘நுவார்’ படம், அதாவது இருண்ட பாணிக் குற்றப் படம் என்று சொல்கிறவர்கள் உண்டு. லோரி அதில் பத்து நிமிடம்கூட வரமாட்டார் என்று நினைக்கிறேன். கழுத்தில் நீள வெள்ளைத் துண்டு, பெயரே இல்லாத ஆள், கழுத்தை அறுக்கிறவன். கடைக்கு வந்து வேகவைக்காத ஹாம்பர்கர் கறி கேட்கிறான். பார்க்கிற நமக்குக் குமட்டுகிறது, பச்சைக்கறி தின்னப்போகிறான் என்று. வாங்கிக்கொண்டு போய்த் தெருநாய்க்கு வைக்கிறான். பசி என்று நீங்கள் சொன்னதும் அந்த நாய்தான் நினைவுக்கு வந்தது.

உங்கள் வாதத்தில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பயம் மட்டும் இல்லை.

கொக்குவில் காற்று:

மிஸ்டர் மோட்டோ படங்களை ஒருவரும் சொல்லவில்லை. 1937 முதல் 1939 வரை எட்டுப் படம். அதில் அவர் வில்லன் அல்ல, துப்பறியும் கதாநாயகன்.

கறுப்புவெள்ளை:

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அன்றைய ஹங்கேரியில் பிறந்த யூதர், கண்ணாடி போட்டுக்கொண்டு ஜப்பானியராக நடிக்கிற படங்கள். அன்றைய ஹாலிவுட்டில் ஆசியப் பாத்திரம் நாயகனாக இருந்தால் வெள்ளைக்காரர்தான் போடுவார். இப்போது பார்க்க நெளிவாக இருக்கிறது. லோரி அந்த மோட்டோவுக்கும் அமைதியான ஒரு மரியாதையைக் கொடுத்தார் என்று வாதாடுவார்கள். கொடுத்தார்தான். அதற்காக நெளிவு போய்விடாது.

கொக்குவில் காற்று:

விளங்குகிறது. அப்படியானால் வேறு ஒன்றைச் சொல்கிறேன். போர் முடிந்த பின் அவர் ஜெர்மனிக்குத் திரும்பி வந்து ஒரு படம் எடுத்தார், ‘டெர் ஃபெர்லோரெனெ’, 1951. தொலைந்துபோனவன் என்று சொல்லலாம். அவர் இயக்கியது அது ஒன்றுதான். நாஜி காலத்தில் ஆராய்ச்சி செய்த டாக்டர் ஒருவர், தன் காதலியைக் கொன்றுவிடுகிறார். அரசாங்கத்துக்கு அவருடைய ஆராய்ச்சி தேவை, ஆகவே கொலையை மூடிவிடுகிறார்கள். பிறகு அவருக்குள் கொலை தொடர்கிறது. போர் முடிந்து அகதி முகாமில் வைத்தியராக இருக்கிறபோது பழைய ஆள் ஒருவன் வந்து சேர்கிறான்.

கடைசியில் தண்டவாளத்தில் போய் நிற்கிறார். வருகிற ரயிலுக்கு முதுகு. ஒரு கையால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

அன்றைய ஜெர்மனியில் அந்தப் படத்தை யாரும் பார்க்க விரும்பவில்லை. படுதோல்வி. நேற்றுத்தான் முடிந்த விஷயத்தை இவன் ஏன் கிளறுகிறான் என்ற மனநிலை. மறுபடி அமெரிக்காவுக்கே போய்விட்டார். அகதியாகப் போனவர் திரும்பி வந்து, தன் ஊர் மொழியில் சொன்ன ஒரே கதையைக் கேட்க ஆளில்லை. எங்களுக்கு இது கொஞ்சம் கிட்டத்தில் வந்து படும்.

மழைக்காகம்:

கொக்குவில், உங்கள் பதிவுக்குக் கீழே வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை. படத்தைத் தேடிப் பார்க்கிறேன்.

மூன்றாம் வரிசை:

அதன்பின் வந்தவை ஏற்ற இறக்கம்தான். இளவயதில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழகிய மார்ஃபின் அவரை வெகுகாலம் விடவில்லை. உடம்பு ஊதிப்போனது. 1954-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ‘கஸினோ ரொயால்’ கதையை நேரடி ஒளிபரப்பாகப் போட்டபோது லெ ஷீஃப்ர் வேடம் இவருக்கு. அதாவது திரையில் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் வில்லன் லோரிதான், சீன் கானரி பாண்டாக வருவதற்கு எட்டு வருடம் முன்பு. அதே வருடம் டிஸ்னியின் ‘20,000 லீக்ஸ் அண்டர் த சீ’யில் நல்லவர் வேடம். வழக்கமாக எனக்குத் தரும் வேடத்தை இந்தமுறை ராட்சதக் கணவாய்க்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னாராம். சொல்லியிருக்கக்கூடியவர்தான்.

கறுப்புவெள்ளை:

கடைசிக் காலத்து நகைச்சுவையை விட்டுவிடாதீர்கள்! ரோஜர் கோர்மன் படம் ‘டேல்ஸ் ஆஃப் டெரர்’, 1962. லோரிக்கும் வின்சென்ட் பிரைஸுக்கும் ஒயின் ருசி பார்க்கும் போட்டி. பிரைஸ் கிண்ணத்தைச் சுழற்றி, முகர்ந்து, உதட்டைக் குவித்து உறிஞ்சி, நாக்கைச் சப்புக்கொட்டி, பெரிய வித்வான் மாதிரி பெயர் சொல்வார். லோரி மடக்கென்று ஊற்றிக்கொண்டு அதே பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்தது எங்கே என்று பார்ப்பார். குடிகாரனுக்கு ஞானம் எதற்கு?

அடுத்த வருடம் ‘த ரேவன்’. பிரைஸ் காவியத் தொனியில் அண்டங்காக்கையிடம், இறந்துபோன என் லெனோரை மீண்டும் காண்பேனா என்று கேட்பார். காக்கை லோரியின் மூக்குக் குரலில், எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன ஜோசியக்காரனா என்று எரிந்து விழும். அதில் லோரியின் மகனாக வருவது இளம் ஜாக் நிக்கல்சன்.

1964 மார்ச்சில் பக்கவாதத்தில் போய்விட்டார். 59 வயதுதான்.

சுண்டெலி:

போன ஞாயிறு ஃபால்கன் பார்த்தோம். அம்மா துணி மடித்துக்கொண்டே பார்த்தார். கெய்ரோ இல்லாத காட்சியிலெல்லாம், “அந்த கைத்தடிக்காரன் எங்கேடா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நேற்று தைரியமாக ‘எம்’ போட்டேன். தட்டு வைத்துவிட்டு அம்மா கூப்பிடுகிற இடத்தில் துணி மடிப்பது நின்றுவிட்டது.

அந்த நீளமான அழுகைக் காட்சியில் எனக்கு நிஜமாகவே அவன்மேல் பாவமாக இருந்தது. நீங்கள் எழுதியதெல்லாம் ஞாபகம் வந்தது. மெதுவாக அம்மா பக்கம் திரும்பி, “பாவம்ல?” என்றேன். “பாவம்தான். அதுக்காக? அந்தத் தட்டு இன்னும் மேஜைமேல அப்படியேதானே இருக்கும்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மூன்றாம் வரிசை:

தம்பி, எனக்கும் வரவில்லை. படத்தின் கடைசி வசனத்தை லோரிக்குக் கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? அவன் தோளில் சட்டத்தின் கை விழுவதோடு அவன் கதை நின்றுவிடும். அப்புறம் கறுப்பு உடையில் மூன்று அம்மாக்கள். இதனால் எங்கள் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை என்பார் நடுவில் இருப்பவர். இத்தனை வருடத்தில் ஒவ்வொரு முறையும் லோரி போனதும் நான் எழுந்து விளக்கைப் போட்டிருக்கிறேன்.

சுண்டெலி:

அம்மா எழுந்திருக்கவில்லை அண்ணா. அடுத்த வாரத்துக்கு எது போடட்டும்?

கறுப்புவெள்ளை:

‘ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’. லோரி அதில் குடிகார பிளாஸ்டிக் சர்ஜன். கடைசியில் போலீஸ்காரர் தேடப்படும் ஆளின் அங்க அடையாளங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அதே அடையாளங்களோடு இவர் பக்கத்தில் நின்று, டாக்டர் என்ற முறையில் ஒரு கையெழுத்தையும் போட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக நடந்தே போய்விடுவார். அம்மா சிரிப்பாரா என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.